அண்ணாச்சி குளிக்கிறார்

ஜனவரி 6, திங்கள்

இன்று மாலை நாலே முக்கால் மணிக்கு வெள்ளூரணி ஒன்றியத்தின் தலைவிதி ஒரு டெம்போ டிராவலரில் ஏறிக் குற்றாலம் புறப்பட்டது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் படைத்தளபதியாக நான் உட்கார்ந்திருந்தேன். பெயர் வெயிலுமுத்து. வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது ஊருக்குச் சொல்லும் விலாசம். உண்மையில் இந்த ஒன்றியத்தில் என் யோசனையைக் கேட்காமல் ஒரு கொடிக்கம்பம்கூட நட்டதில்லை. நட்டவர்கள் விழுந்த கதை தனி.

பின்னால் வருகிறவர்கள் படிக்கவேண்டிய ஏடு இது என்பதால் (உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரிதான், இருந்தாலும் தாள் கனம்) விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒன்றியத்துக்குக் கவுன்சிலர்கள் பதின்மூன்று பேர். இன்று காலை பதவியேற்றார்கள். வருகிற சனிக்கிழமை இந்தப் பதின்மூன்று பேரும் ரகசிய ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள் ஒரு பெண்ணைத் தலைவராக்க வேண்டும். ஒரு பக்கம் பத்து வருஷம் தலைவராக இருந்த தங்கப்பழத்தின் மனைவி. அந்த அம்மாள் பெயர் யாருக்கும் நினைவில்லை. நோட்டீசிலேயே தங்கப்பழத்தின் படம்தான் பெரிது. இன்னொரு பக்கம் என் அக்காள் மகள் மாரிச்செல்வி.

நம்மிடம் அவளையும் சேர்த்து ஏழு. அவர்களிடம் ஆறு. ஏழில் ஒன்று கழன்றால் கதை கந்தல். ஆகவே நம் நாட்டு வழக்கப்படி, பதவியேற்ற கையெழுத்து காயுமுன் மற்ற ஆறு பேரையும் வண்டியில் ஏற்றி, போனை வாங்கி மஞ்சள் பையில் போட்டு, சனிக்கிழமை காலை வரை வெளிக்காற்று படாமல் விருந்து வைக்க வேண்டும். இதைக் கடத்தல் என்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள். நாங்கள் சுற்றுலா என்கிறோம்.

ஐந்து போன் உடனே வந்துவிட்டது. நாலாம் வார்டு பூலம்மாள் மட்டும், "எங்கிட்ட போனே கிடையாது" என்று சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே அவள் இடுப்பில் ஒரு பக்திப் பாட்டு ஒலித்தது.

ஜனவரி 7, செவ்வாய்

குற்றாலத்தில் சீசன் இல்லை. அருவி நூல் மாதிரி விழுகிறது. அதற்கடியில் நம் ஆறு கவுன்சிலர்களும் வரிசையில் நின்று ஆளுக்கு அரைச் சொம்பு பிடித்துக் குளித்தார்கள். பூலம்மாள், "இதுக்கு எங்க வீட்டுக் குழாயே தேவலை. தங்கப்பழம் கேரளாவுல போட்ல கூட்டிட்டுப் போறானாம்" என்றாள். போட் கவிழும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இந்த ஆறு பேரில் எனக்குச் சிக்கலில்லாதவர் ஒன்பதாம் வார்டு அய்யம்பெருமாள் அண்ணாச்சி. அறுபத்தேழு வயது. கட்சி கிடையாது, சுயேச்சை. அவர் நம் பக்கம் வந்ததற்கு ஒரே காரணம் மாரிச்செல்வி. அவள் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். முட்டை வராத நாளில் வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். தங்கப்பழம் அவளை பஸ்ஸே போகாத ஊருக்குத் தூக்கியடித்தான். ஆறு மாதம் சைக்கிளில் போய்வந்தாள், அப்புறம் வேலையையே விட்டாள். "அந்தப் புள்ள ஒரு முட்டைக்குப் பொய் சொல்லல வெயிலு. அது போதும் எனக்கு" என்றார் அண்ணாச்சி. இவர் ஓட்டுக்கு நான் செலவழித்தது ஒரு காப்பி.

என் அக்காள் செத்தபோது மாரிச்செல்விக்கு ஒன்பது வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வளர்த்தோம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. அவளே வளர்ந்தாள், நாங்கள் பக்கத்தில் இருந்தோம். இன்றைக்கு அவள் இந்த உயரத்துக்கு வந்ததற்குப் பின்னால் இருக்கும் மூளை யாருடையது என்பதை அடக்கம் கருதி எழுதாமல் விடுகிறேன்.

ஜனவரி 8, புதன்

காலை ஏழு மணிக்கு மஞ்சள் பை அழுதது. அண்ணாச்சியின் போன். எடுத்தால் அவர் மகள் செண்பகம்.

"அப்பா எங்க?"

"குளிக்காக தாயி. நான் வெயிலுமுத்து மாமா பேசுதேன்."

"அம்மா நேத்து கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா மாமா. இடுப்பெலும்பு ஒடிஞ்சிருக்காம். டவுன் ஆசுபத்திரியில சேத்திருக்கு. ஆப்பரேசன் பண்ணணுங்காக. அம்மா அப்பாவ வரச்சொல்லுதா."

"சொல்லிருதேன்" என்றேன்.

ஒன்பது மணிக்கு மறுபடி. "குளிக்காக." பதினோரு மணிக்கு மறுபடி. "அருவிக்குப் போயிருக்காக." குற்றால அருவி உண்டான நாள் முதலாக இத்தனை நேரம் ஒருவர் குளித்ததில்லை, அதுவும் இந்தத் தண்ணீரில்.

மதியம் மாரிச்செல்வி காரில் வந்தாள். ஆறு பேரிடமும் தனித்தனியே நலம் விசாரித்தாள். அண்ணாச்சிக்கு மீன் துண்டை அவளே எடுத்து வைத்தாள். அப்புறம் பின்கட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

"மாமா, சனிக்கிழமைக்கு எத்தனை நாள் கிடக்கு?"

"மூணு."

"இடுப்பெலும்பு மூணு நாள்ல எங்கயும் ஓடிப்போகாது. மக கூட இருக்கா. டாக்டர் இருக்காரு. இவுக போயி கத்தியவா பிடிக்கப் போறாக?"

"பொண்டாட்டி கேக்காளே தாயி."

"தங்கப்பழம் ஆளு ஆசுபத்திரி வாசல்ல நிப்பான். இவுக உள்ள போனா ஓட்டு வெளிய வராது மாமா. சனிக்கிழமை ஓட்டுப் போட்ட ஒடனே நானே கார்ல கூட்டிட்டுப் போயி விடுதேன்."

"யாராவது கேட்டா?"

"நீங்க சொன்னதுதான். குளிக்காக."

கையைக் கழுவிவிட்டு வந்து, முகம் துடைக்க என் தோள் துண்டை எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயதிலிருந்து அப்படித்தான்.

என்ன ஒரு ராஜதந்திரம்! என்ன ஒரு நெஞ்சுரம்! நானே இப்படித்தான் முடிவெடுத்திருப்பேன். எடுத்துமிருந்தேன். அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மீன் குழம்பில் உப்பு தூக்கல். நான் சாப்பிடவில்லை.

ஜனவரி 9, வியாழன்

வீட்டுக்காரி பாக்கியத்துக்குப் போன் போட்டு, ஆசுபத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இது இளகிய மனசால் அல்ல. எதிரியின் நடமாட்டம் அறிய ஒற்றர் அனுப்புவது போர்முறை.

மாலையில் ஒற்றர் அறிக்கை வந்தது.

"வள்ளியக்கா கட்டில் பக்கத்துல யாரு இருக்கான்னு நினைக்கிய? தங்கப்பழம்! நேத்துலருந்து அங்கதான் கிடக்கானாம். ஆப்பிள் அறுத்துக் கொடுக்கான். டாக்டர்ட்ட இவன்தான் பேசுதான். 'அக்கா, மாமாவ எங்க ஒளிச்சு வச்சிருக்காகன்னு தெரியலயே'ன்னு கண்ணைத் தொடைக்கான். கண்ணுல தண்ணியே வரல, ஆனா நல்லாத் தொடைக்கான்."

"அக்கா எப்படி இருக்கா?"

"வலியில முனகுதா. ஆப்பரேசன் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கா. அவுக வரட்டும், அவுகள ஒரு தரம் பாத்துட்டுத்தான் மயக்க மருந்துங்கா. ஏங்க, அவருகிட்ட சொல்லிட்டியளா இல்லியா?"

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அண்ணாச்சி என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூலிகைத் தைலம் விற்கிற கடையில் நின்று ஒவ்வொரு பாட்டிலாக மோந்து பார்த்தார். "வள்ளிக்கு முழங்கால் வலி வெயிலு. இருபது வருசமா நடையா நடந்து தேய்ஞ்சு போச்சு. இந்தத் தைலம் தேய்ச்சா குடுகுடுன்னு ஓடுவாளாமே?" என்றார்.

"ஓடுவா" என்றேன்.

நான் சொன்ன பொய்களை அடுக்கினால் பொதிகை மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். அவற்றில் எதுவும் இத்தனை சின்னதாக இருந்ததில்லை.

ஜனவரி 10, வெள்ளி

விடிந்ததும் உட்கார்ந்து யோசித்தேன். நாளைக் காலை ஒன்றிய அலுவலக வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது தங்கப்பழம் அண்ணாச்சியின் கையைப் பிடித்து, "உங்க சம்சாரம் நாலு நாளா ஆசுபத்திரியில கிடக்கா, இவுக மறைச்சுட்டாக" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓட்டு அந்தப் பக்கம் போய்விடும். ஆக, சொல்லிவிடுவதே ராஜதந்திரம். முழுக்க முழுக்க அரசியல் காரணம்தான். இதை நான்கு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்துக் கதவைச் சாத்தியிருந்தேன். கத்தவில்லை.

"என்னைக்கு விழுந்தா?"

"செவ்வாக்கிழமை."

"இன்னைக்கு?"

"வெள்ளி அண்ணாச்சி."

விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலாவது விரலில் நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரிச்செல்விக்குத் தெரியுமா?"

நல்ல வேளையாக எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். "தெரியாது அண்ணாச்சி. நான் ஒருத்தன்தான். போன் எங்கிட்டதான இருக்கு" என்றேன்.

ஒரு அறை விட்டிருக்கலாம். ஈர வேட்டியை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார். தைலப் பாட்டில் உடையாமலிருக்க அதில் சுற்றினார். கார் சொல்லியிருந்தேன். ஏறும்போது வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டியவர், நடுவில் அதை இழுத்துக்கொண்டு கதவைப் பிடித்து ஏறினார்.

கார் போனதும் மாரிச்செல்விக்குப் போன் போட்டேன். அவள் நேற்றே ஊருக்குப் போயிருந்தாள். "சொல்லிட்டேன் தாயி. இப்பத்தான் கெளம்பிப் போறாக" என்றேன்.  "சரி மாமா" என்றாள். வைத்துவிட்டாள்.

மிச்சத்தை மாலையில் பாக்கியம் போனில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

குற்றாலத்திலிருந்து கார் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். மாரிச்செல்வி வீட்டிலிருந்து ஆசுபத்திரி இருபது நிமிஷம். அண்ணாச்சி போய்ச் சேரும்போது தங்கப்பழம் வராண்டாவில் நின்றிருக்கிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் மாரிச்செல்வி உட்கார்ந்து வள்ளியக்காவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்து காலில் விழுந்தாளாம்.

"எனக்கு இப்பத்தான் தெரியும் பெரியப்பா. எங்க மாமா எனக்கே மறைச்சுட்டாரு. பதவிக்காக இப்படிச் செய்வாருன்னு நான் கனவுல கூட நினைக்கல. இனி அவரு என் வாசப்படிய மிதிக்கப்படாது. எங்கம்மா மேல சத்தியம்."

வார்டு முழுக்க கேட்கும்படி சொன்னாளாம். நர்ஸ்களெல்லாம் கண் கலங்கினார்களாம். தங்கப்பழம் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். வள்ளியக்கா கையெழுத்துப் போட்டு, மூன்று மணிக்கு ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது.

"அவ சொல்லும்போது நான் அங்கதான நிக்கேன்" என்றாள் பாக்கியம். "என்னைப் பாத்தா. பாத்துட்டுத்தான் சொன்னா."

இங்கே ஒரு அதிசயத்தைப் பதிவு செய்ய வேண்டும். அண்ணாச்சியிடம் நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. பேசி வைக்காமலே இருவரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். ஒரே ரத்தம்! ஒரே மூளை! ஒரு வித்தியாசம்தான். நான் அதை அவளுக்காகச் சொன்னேன்.

(கடைசி வரியை அடித்துவிட வேண்டும்.)

ஜனவரி 11, சனி

வென்றோம். ஏழுக்கு ஆறு.

மிச்சமிருந்த ஐந்து பேரை வாசல்வரை கொண்டுபோய் இறக்கியது நான்தான். அண்ணாச்சி ஆசுபத்திரியிலிருந்து நேராக வந்தார். மாரிச்செல்வி அவருக்குக் கை கொடுத்துப் படியேற்றினாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் எதிரே டீக்கடையில் நின்றேன். இது நானே வகுத்துக்கொண்ட இடம். அங்கிருந்தால் முழுக் களமும் தெரியும்.

வெடிச் சத்தத்தில் டீக்கடைக்காரர், "உங்க மருமகதான ஜெயிச்சது? நீங்க போகலையா?" என்றார்.

"தளபதி ஊர்வலத்துல போகமாட்டான்" என்றேன். இன்னொரு டீ சொன்னேன். இரண்டாவது ஆறிப்போயிற்று.

ஜனவரி 13, திங்கள்

போன் வரவில்லை. டவர் இருக்கிறது. சார்ஜ் இருக்கிறது. பூலம்மாளிடம் என் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், மணி அடிக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

தாய் வீட்டுப் பொங்கல்படி என்று ஒன்று உண்டு. அக்காள் இல்லாததால் மாரிச்செல்விக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு, பரங்கிக்காய், மஞ்சள் குலை. இந்த வருஷம் வாசப்படி மிதிக்கக் கூடாது என்ற உத்தரவு இருப்பதால் ஆட்டோவில் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் ஆட்டோ திரும்பி வந்தது, சாமான்களோடு. டிரைவர் தலையைச் சொறிந்தார். "அங்க வீடு நெறையா ஆளுக. எல்லாரும் பாக்கும்போதே 'இது எனக்கு வேண்டாம், திருப்பிக் கொண்டு போங்க'ன்னு சொல்லிட்டாங்க. அய்யம்பெருமாள் அண்ணாச்சி கூட, 'வாங்கிக்கோம்மா, நல்ல நாளு'ன்னாரு. கேக்கல."

இறக்கி வைத்துப் பார்த்தேன். அரிசி, வெல்லம், கரும்பு, பரங்கிக்காய் எல்லாம் இருந்தன. மஞ்சள் குலை மட்டும் இல்லை. வண்டியில் எங்காவது விழுந்திருக்கும் என்று டிரைவர் சொன்னார். பாக்கியம் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வாங்கியதையும் சேர்த்து நாலு கரும்பு, தின்னப் பல் இல்லாத இரண்டு பேருக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்தப் பதினெட்டு நாளாக எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றியத்தில் நடந்தது. கேள்விப்பட்டவரை: முட்டை ஒழுங்காக வருகிறதாம். பூலம்மாள் முதல் கூட்டத்திலேயே எதிர்த்துப் பேசினாள். மறுநாள் அவள் கொழுந்தனின் மணல் லாரியை மடக்கினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் பூலம்மாள் தலைவருக்கு நன்றி தெரிவித்துப் பேசினாள். அய்யம்பெருமாள் அண்ணாச்சி துணைத்தலைவர்.

இன்று காலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார், துணைத்தலைவர் ஜீப்பில் இல்லாமல் டவுன் பஸ்ஸில். நாற்காலி போட்டேன். பாக்கியம் இட்லி வைத்தாள். வள்ளியக்கா வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறாளாம்.

"வெயிலு, நான் மனசுல எதையும் வச்சுக்கல" என்றார். "நாலு நாள் மறைச்ச. ஆனா கடைசியில நீயாத்தான சொன்ன? சொல்லாம இருந்தா யார் கேக்கப் போறா? வள்ளியே சொல்லுதா, 'பாவம், அவரைக் கூப்பிட்டுப் பேசுங்க'ன்னு. அதான் நேத்து மாரிச்செல்விகிட்ட கேட்டேன்."

"என்ன கேட்டிய?"

"'உங்க மாமாவ மன்னிச்சுரும்மா, வளத்த மனுசன்'ன்னேன். முடியாதுன்னுட்டா. 'உங்களுக்குச் செஞ்ச துரோகத்த நீங்க மன்னிக்கலாம் பெரியப்பா, நான் மன்னிக்க முடியாது. நான் இந்த நாற்காலியில இருக்க வரைக்கும் முடியாது'ன்னு சொல்லிட்டா." தலையை ஆட்டினார். "நெருப்புப்பா! சொந்த மாமன்னுகூடப் பாக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு தலைவர் கிடைக்குமா?"

"கிடைக்காது" என்றேன்.

நாற்காலி ஐந்து வருஷம். அடுத்த தடவையும் நிற்பாள் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அறுபத்தொன்று. கணக்கு எனக்கு நன்றாகவே வரும்.

என்னை மன்னித்தால் மறுநாளே யாராவது, என்ன இத்தனை சீக்கிரம் என்று கேட்பார்கள். ஒரு கேள்வி வந்தால் இன்னொன்று வரும். ஆகவே நான் குற்றவாளியாகவே இருந்தால்தான் அந்த நாற்காலி ஆடாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எழுத வந்தேன். செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல வெயிலு. அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சா உடனே என்னை அனுப்பிருக்கும். நீ எதுக்காக அதுகிட்டகூடச் சொல்லாம மறைச்ச?"

வாயைத் திறந்தேன். இந்த வட்டாரத்தில் எனக்கு நிகராகப் பொய் சொல்ல ஆள் கிடையாது. நிலாவுக்கே லைன் இழுத்த கதையை டிரான்ஸ்பார்மர் நம்பரோடு சொன்னவன் நான். ஒன்றுகூட வரவில்லை. அவர் காத்திருந்தார். சட்னிக் கிண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"அவுகளுக்கு மொதல்லருந்தே மூளை கொஞ்சம் மட்டு அண்ணாச்சி. நீங்க இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோங்க."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

முப்பத்தாறு வருஷமாக இதை அவள் தினம் ஒரு வேளையாவது சொல்லியிருக்கிறாள். பொய்யாகச் சொன்னது இன்றைக்குத்தான்.